கோழியும் வண்ணமும்



நமது சங்கத்தின் ஓவியப் போட்டியில் சேரும் சிறுவர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. காரணம் ஆர்வக் குறைவன்று. வண்ணப் பெட்டியின் விலையே. மாதக் கடைசியில் எந்தக் குமாஸ்தா வீட்டில் அதற்குப் பணம் மிஞ்சும்? ஆயினும் நம்மில் பலர் கொல்லையில் கோழி வளர்க்கிறோம். கொல்லை வளர்ப்புக்கென்றே நம் ஐதராபாத்து இராஜேந்திர நகரில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா இனங்களும் இங்கு உலவுகின்றன. அம்முட்டைகளே வண்ணப் பெட்டியாகும்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடு புரட்டும் நமக்கு இது புதுமையாய்த் தோன்றலாம். ஓவியருலகில் பழமையே. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியச் சித்திரக்காரர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூலில், இளையோர் முகம் தீட்ட நகரத்துக் கோழியின் வெளிறிய கருவும், முதியோர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவும் ஏற்றவை என்கிறார். கீரை கொத்தும் கோழியின் கரு நிறம் மிகும் என்பதை நம் தாய்மார்கள் அவரினும் நன்கறிவர்!

செய்முறை எளிது. மஞ்சட்கருவைத் தனியே பிரித்து, உள்ளங்கைகளில் மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்குக. மேல்தோலை ஊசியாற் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் கிண்ணத்தில் வடித்து, சம அளவு நீர் சேர்க்க. காவிக்கல், விளக்குக் கரி, அவுரி நீலம் இவற்றை நீர்விட்டு மைபோல் அரைத்து இதிற் கலக்கலாம். வெண்மைக்கு முட்டையோடே போதும். கொதிக்கவைத்து, உட்சவ்வு நீக்கி, உலர்த்திப் பொடித்து, மெல்லிய துணியிற் சலித்துக்கொள்க. சமையல் மஞ்சள் வேண்டா, வெயிலில் வெளிறிவிடும். மீந்த கருவை மறுநாளைக்கு வைத்தால் நாறும்.

முட்டையைத் தொடாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்தம் குழந்தைகளை ஒதுக்கிப் போட்டி நடத்துதல் முறையன்று. சித்திப்பேட்டை மாவட்டத்துச் சேரியாலைப் பாருங்கள். அங்குள்ள நகாஷி ஓவியர்கள் புளியங்கொட்டைப் பசை, அரிசிக் கஞ்சி, வெண்களிமண் ஆகியன பூசிய துணியிற் கதைச் சுருள்கள் தீட்டும் மரபினர். அம்மரபில் வண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது மரப்பிசின்; வெண்மை தருவது கடற்சிப்பி. சிப்பியும் முட்டையோடும் ஒரே சுண்ணச் சத்தால் ஆனவை அல்லவா?

ஆகவே வரும் ஆண்டில், கருவாயினும் பிசினாயினும், வீட்டிற் செய்த வண்ணத்தையே ஏற்குமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். படங்கள் பளபளக்கா எனச் சிலர் தயங்கலாம். பளபளப்புக்கா பரிசு?

ஓடுகளை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். அனைத்தையும் வண்ணத்துக்கே எடுத்துவிடாமல், ஒரு பங்கைப் பொடித்துத் தீவனத்திற் கலந்திடுக. சுண்ணம் குறைந்தால் கோழி தோல்முட்டை இடும்.