எந்தக் காலேஜ் என்பதற்கு முன் எந்தக் கைடு என்று கேளுங்கள்

(நம் டிரஸ்ட் நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





போன மாதம் நம் ஊர் உம்மா ஒருவர் எனக்குப் போன் செய்தார். மகள் சென்னையில் பி.எஃப்.ஏ. கடைசி வருஷம். "மேலே படிக்கணும், ஆராய்ச்சி பண்ணணும்னு நிக்கிறா. படம் வரையிறதுல என்னம்மா ஆராய்ச்சி? நல்ல காலேஜ் எதுன்னு மட்டும் சொல்லு, சேர்த்து விட்டுடுறோம்" என்றார். அவருக்குப் போனில் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த "என்ன ஆராய்ச்சி" என்ற கேள்வி. கீழக்கரையின் பழைய கல் பள்ளிவாசல் தூண்களை நாம் தினமும் பார்க்கிறோம். காயல்பட்டினத்தில் மீசான் கற்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பெட்டிகளில் கண்ணம்மா காலத்து அரபுத் தமிழ் ஏடுகள் கிடக்கின்றன. தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலையைப் பற்றிய முக்கியமான நூல் 2003இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் மெஹர்தாத் ஷொகூஹி. மஅபர் சுல்தான்களின் கட்டடங்களையும் சோழமண்டலக் கரைப் பள்ளிவாசல்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் நம் ஊர்க்காரர் இல்லை. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அந்தத் தூண்களுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை இதைச் செய்ய விரும்பும்போது "இதெல்லாம் எதுக்கு" என்று கேட்கிறோமே, அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

இனி எங்கே சேர்ப்பது என்பது. இதில் இரண்டு பாதை உண்டு. ஒன்று கையால் செய்கிற கலை: எம்.எஃப்.ஏ., எம்.வி.ஏ. மற்றது கலையைப் பற்றிப் படித்து எழுதுவது: எம்.ஏ., பிறகு பி.எச்டி. பிள்ளைக்கு எது வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் "இரண்டும்" என்பார்கள். தப்பே இல்லை. ஆனால் இரண்டுக்கும் இடம் கொடுக்கிற நிறுவனங்கள் கொஞ்சம்தான். டெல்லி ஜே.என்.யு.வின் கலை, அழகியல் பள்ளி 2001இல் தொடங்கியது. அங்கே காட்சிக் கலை, நாடகம், சினிமா பற்றி ஆழமாகப் படிக்கலாம், வரைவதற்குப் பயிற்சி கிடையாது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளியில் ஓவியம், அச்சு, சிற்பத்தோடு கலை வரலாறும் இருக்கிறது. 1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலாபவனும் அப்படித்தான்.

பரோடாவில் ஓவியர்களும் கலை வரலாற்று மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். சுரேந்திரநகரில் 1937இல் பிறந்த குலாம் முகம்மது ஷேக் அங்கே படித்து, அங்கேயே முதலில் கலை வரலாறும் பிறகு ஓவியமும் கற்பித்தார். 2014இல் பத்ம பூஷண் பெற்றார். நஸ்ரீன் முகமதி 1972 முதல் 1990இல் இறக்கும் வரை அங்கே ஆசிரியை. உருவம் வரைவதில் உங்களில் பலருக்கு இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். நஸ்ரீன் பென்சிலும் மையும் கொண்டு வெறும் கோடுகளால் வரைந்தே உலகப் பெயர் வாங்கினார். கலை வரலாறு எடுத்தால் வரையவே தேவையில்லை.

ஆனால் பி.எச்டி. என்று வந்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் பாதிதான். மீதிப் பாதி கைடு, அதாவது நெறியாளர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய பெயர் உள்ள ஓர் இடத்தில் சேர்ந்தேன், வாப்பா ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் என் கைடு ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் கோயில் சிற்பம் படித்தவர், நல்ல மனிதர், ஆனால் அரபு எழுத்துக் கல்வெட்டை அவரால் திருத்த முடியாது. மூன்று வருஷம் என் தலைப்பை மாற்றி மாற்றி எழுதினேன். ஒருநாள் ஹாஸ்டலில் உட்கார்ந்து டிக்கெட் கூடப் போட்டுவிட்டேன், ஊருக்குத் திரும்ப.

இப்போது யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்கக் கூடாது. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள்: அவருக்கு ஓய்வு எப்போது? இடம் காலியா? அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் அவர் சொல்ல வேண்டாம், அவருடைய மாணவர்களிடமே கேளுங்கள்.

அடுத்து பணம். வட்டிக் கடன் வேண்டாம் என்றிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு வழி ஜே.ஆர்.எஃப். நெட் தேர்வில் காட்சிக் கலை ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருஷம் சலுகை. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது, அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் நம் பிள்ளைகள் பலர் இதில்தான் இடத்தை விடுகிறார்கள். தமிழ்நாட்டில் நமக்கு உள்ள 3.5 சதவீதம் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் ஜே.என்.யு.விலோ ஹைதராபாத்திலோ செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறோம். மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் இல்லை என்ற சான்றை வாங்கி வையுங்கள். அட்மிஷன் வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

வெளிநாடு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நல்ல பி.எச்டி. இடங்கள் பெரும்பாலும் கட்டணத்தையும் செலவையும் தாங்களே ஏற்கும். எம்.எஃப்.ஏ.வுக்குப் பல இடங்களில் நம் கையில் இருந்து போகும். கடிதத்தை முழுசாகப் படிக்காமல் ஊருக்கு இனிப்பு வாங்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு நிக்காஹ் நடுவில் வரும், வரட்டும். அதே 2022 விதியில் பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. ஆறு வருஷத்துக்குள் முடியவில்லை என்றால் கிடைக்கும் நீட்டிப்புக்கு மேல் பெண்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் தரலாம். மாப்பிள்ளை வீட்டில் பேசும்போது இதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

போன் செய்த உம்மாவிடம் நான் எந்தக் காலேஜ் பெயரும் சொல்லவில்லை. மகளை மூன்று ஆசிரியர்களின் கட்டுரைகளைப் படிக்கச் சொன்னேன், படித்ததைப் பற்றி அவர்களுக்கே எழுதச் சொன்னேன். நேற்று ராத்திரி அவள் வாட்ஸ்அப் அனுப்பினாள். ஒருவர் பதில் போட்டிருக்கிறார், படிக்க இன்னொரு கட்டுரையும் அனுப்பியிருக்கிறார். பின்னாலேயே உம்மாவின் குரல் பதிவு: "மத்த ரெண்டு பேரும் இன்னும் பதில் போடலியே?"

ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வஸ்ஸலாம்.