நான்கும் ஐந்தும் சமமா?



கணக்குப் பொய் சொல்லாது என்று பெரியோர் கூறுவதுண்டு. ஆயினும், அக்கணக்கைக் கொண்டே நான்கும் ஐந்தும் சமம் என்று காட்டுவாரும் உளர். அத்தகைய பொய்க் கணக்குகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பொய் எந்த வாயிலாக நுழைகிறது என்று இன்று காண்போம். வானொலியில் கரும்பலகை இல்லை. ஆதலின் தாளும் எழுதுகோலும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

16-இலிருந்து 36-ஐக் கழித்தால் குறை 20 வரும். 25-இலிருந்து 45-ஐக் கழித்தாலும் குறை 20 தான். ஆகவே இரண்டும் சமம். இரு பக்கங்களிலும் 20¼ ஐக் கூட்டுங்கள். இப்பொழுது இடப்பக்கம், 4-இலிருந்து 4½ ஐக் கழித்து வர்க்கம் செய்ததற்குச் சமமாகும். வலப்பக்கம், 5-இலிருந்து 4½ ஐக் கழித்து வர்க்கம் செய்ததற்குச் சமமாகும். இருபுறமும் வர்க்கமூலம் எடுத்து, 4½ ஐக் கூட்டிவிட்டால், 4 = 5 என்று வந்து நிற்கிறது!

கிண்டியில் என் இல்லத்திற்குப் பாடம் கேட்க வரும் மாணவர் ஒருவர் இக்கணக்கைக் கொணர்ந்தார். “ஐயா, ஒவ்வொரு படியும் புத்தகத்திலுள்ள விதிப்படியே இருக்கிறது. விதிகளே நான்கை ஐந்தாக்குமானால், எதை நம்பிப் படிப்பது?” என்று கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. முகத்தில் கலக்கம் தெரிந்தது. நான் விடை கூறாமல், ஒவ்வொரு வரியின் மதிப்பையும் எண்ணால் எழுதிப் பார்க்கச் சொன்னேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். வர்க்க வரியில் இருபுறமும் ¼ இருக்கும். அதுவரை யாவும் மெய். அடுத்த வரியிலோ இடப்பக்கம் குறை ½, வலப்பக்கம் ½. பொய் நுழைந்த இடம் அதுவே.

இரண்டு எண்கள் சமமாயின் அவற்றின் வர்க்கங்களும் சமம். ஆனால் வர்க்கங்கள் சமமாயிருப்பதனால் எண்களும் சமமாக வேண்டுவதில்லை. ஒரே வீட்டிலிருந்து இருவர் வெளிவந்தால், அவ்விருவரும் ஒருவராகிவிடுவரோ? மிகை எண் ஒவ்வொன்றிற்கும் மிகை ஒன்றும் குறை ஒன்றுமாக இரண்டு வர்க்கமூலங்கள் உண்டு. √ என்னும் குறியோ அவற்றுள் மிகையான மூலத்தையே சுட்டும் என்பது கணிதவியலார் கொண்ட மரபு. ஆதலின் குறை ½ இன் வர்க்கத்திற்கு √ குறியிட்டால் வருவது ½ தான். குறை ½ அன்று.

இவ்வுண்மை நம் நாட்டிற்குப் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்தவர் மகாவீரர் என்னும் சமணக் கணித அறிஞர். அவர் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூல், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் நம் சென்னையிலேயே அரசாங்கத்தாரால் பதிப்பிக்கப் பெற்றது. மிகைக்கும் குறைக்கும் வர்க்கம் மிகையே என்றும், குறை எண் இயல்பிலேயே வர்க்கமாகாமையால் அதற்கு மூலமில்லை என்றும் அவர் கூறியுள்ளார்.

பின்னாளில், குறை ஒன்றிற்கும் மூலம் உண்டெனக் கொண்டு ‘கற்பனை எண்’ வகுக்கப்பட்டது. புது எண் வந்தபோது பழைய விதிகளுள் எவை செல்லும், எவை செல்லா என்று ஆராய வேண்டும். இரு மூலங்களைப் பெருக்குவதும், எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பதும் ஒன்றே என்னும் விதி, எண்கள் இரண்டும் குறையாயின் செல்லாது. இதை மறந்து, குறை ஒன்றின் மூலத்தை அதனாலேயே பெருக்கினால், ஒரு வழியில் குறை ஒன்று. மறு வழியில் ஒன்று! மாமேதை ஆய்லர் 1770-இல் வெளியிட்ட இயற்கணித நூலிலும் இத்தகைய பெருக்கல் காணப்படுகிறது. அது பிழையா, அவர் குறியீட்டின் பொருளே வேறா என்று அறிஞர் வாதிப்பர். எனவே இவ்விடத்தில் தடுமாறும் மாணவர் நாண வேண்டுவதில்லை.

தேர்வில் மிகுதியும் காணும் பிழை மற்றொன்று. ஓர் எண்ணுடன் 3-ஐக் கூட்டி √ எடுத்தால், அவ்வெண்ணில் 3 குறைந்தது கிடைக்கிறது. அந்த எண் யாது? இருபுறமும் வர்க்கம் செய்து தீர்த்தால் 6, 1 என இரு விடைகள் வரும். 6-ஐ இட்டுப் பாருங்கள்: 9-இன் மூலம் 3, 6-இல் 3 போக 3. பொருந்துகிறது. 1-ஐ இட்டால், ஒருபுறம் 2. மறுபுறம் குறை 2. இது நாம் வர்க்கம் செய்தபோது அழையாமல் வந்த விருந்தாளி.

இனி, ஒரு மனையின் நீளம் அகலத்தினும் 10 அடி மிகுதி. பரப்பு 1200 சதுர அடி. அகலம் 30 அல்லது குறை 40 என வரும். குறை 40 சமன்பாட்டிற்குப் பொருந்தும், மனைக்குப் பொருந்தாது. முன்னதில் 1-ஐ விலக்கியது சமன்பாடு. இங்கே குறை 40-ஐ விலக்குவது மனையின் இயல்பு. இவ்வேறுபாட்டை அறியாமல், குறையென்று கண்டவுடன் அடித்துவிடுவது அறிவன்று.

கிண்டியிலுள்ள பொறியியற் கல்லூரி, 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. 1920-இல் கிண்டிக்கு வந்து, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளது. நிலம் அளப்போர்க்குக் குறை நீளம் பொருளற்றது. அங்கேயே மாறுதிசை மின்னோட்டம் பயில்வோர்க்கோ, குறை ஒன்றின் மூலம் அன்றாடக் கருவி. எங்கே எது செல்லும் என்று அறிதலே கல்வி.

ஆகவே, ஒரு விதியை மனப்பாடம் செய்யும்போது அதன் நிபந்தனையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். மூலம் எடுக்கும்போது குறியை நோக்குங்கள். விடை வந்தபின், அதை முதல் வரியில் இட்டுச் சரிபாருங்கள். விதிகள் நான்கை ஐந்தாக்கவில்லை; நிபந்தனையை விட்டுவிட்ட கைதான் ஆக்கியது. கணக்கை நீங்கள் முழுதும் நம்பலாம். அதன் ஒவ்வொரு வரியையும் சோதித்து நம்புங்கள்.