கிளிஞ்சல் மேடும் மண்வெட்டியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவது நம் வழக்கம். கீழடி என்றும் ஆதிச்சநல்லூர் என்றும் கேட்டவுடன் கைதட்டி மகிழ்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திர சோழரின் 1030-ஆம் ஆண்டுக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று நிக்கோபாரைக் குறிப்பிடுவதை நம் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்கின்றனர். சொல்லட்டும், மகிழ்ச்சியே. ஆயினும், இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது நாம் விட்டுவந்த மண்ணின் தொன்மையை அன்று. நம் காலடியில் உள்ள மண்ணின் தொன்மையை.

சில ஆண்டுகளுக்கு முன், தெற்கு அந்தமானில் ஓர் உப்பங்கழியின் அருகே நம்மவர் ஒருவர் வீடு கட்ட அடித்தளம் தோண்டினார். யாமும் பார்க்கச் சென்றிருந்தோம். இரண்டு முழம் தோண்டியதும் மண் வரவில்லை, கிளிஞ்சல் வந்தது. கூடை கூடையாக வந்தது. "ஒரு காலத்தில் கடல் இங்கே இருந்திருக்கும்" என்றார் கொத்தனார். "பள்ளம் நிரப்ப நல்ல சரக்கு" என்றார் மேஸ்திரி. மாலைக்குள் அவ்வளவும் முன்புறப் பள்ளத்தில் கொட்டி நிரவப்பட்டுவிட்டது. கிளிஞ்சல்களுக்கிடையே கரிந்த எலும்பும் பானை ஓடும் கிடந்ததை யாம் கண்டோம். கண்டும் வாய் திறக்கவில்லை. கடல் ஒதுக்கிய கிளிஞ்சலாயின் அதனோடு கரிந்த எலும்பு எப்படி வந்தது என்று கேட்கும் அறிவு அன்று எமக்கு இல்லை.

அது கிளிஞ்சல் மேடு. இத்தீவுகளின் பழங்குடி மக்கள் ஒரே இடத்திற்குத் தலைமுறை தலைமுறையாக வந்து தங்கி, சமைத்து, உண்டு, எறிந்தவை குவிந்து உயர்ந்த மேடு. சிப்பி, நத்தை, காட்டுப் பன்றியின் எலும்பு, சாம்பல், உடைந்த பானை, கல்லில் செதுக்கிய சிறு கருவி ஆகியவை அதில் உண்டு. மேல் அடுக்குகளில் புட்டிக் கண்ணாடியைச் செதுக்கிச் செய்த கத்திகளும் கிடைத்துள்ளன. சில மேடுகள் ஆள் உயரத்தையும் மிஞ்சுவன. நம் நகரை அடுத்த சௌல்தாரியில் உள்ள மேட்டின் காலத்தைக் கரிமக் கணக்கீட்டால் அளந்தபோது ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் என்று தெரியவந்தது. நம் சங்கப் புலவர்கள் பாடிய காலத்தை ஒட்டி இங்கே ஒரு குடும்பம் அடுப்பு மூட்டியிருக்கிறது!

இம்மேடுகளைப் பற்றி 1870-ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுதினார். அவர் பெயர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. மொராவியா நாட்டினர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்தவர். அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப் போன கடல் உயிர்களை ஆராய்ந்து பெருநூல் தொகுதிகள் எழுதியவரும் இவரே. நம் ஊர்ச் சுண்ணாம்புப் பாறையில் பழங்கடலைக் கண்ட அதே கண், இங்கே குப்பை மேட்டில் பழங்குடியைக் கண்டது. அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுரங்கங்களில் அத்தகைய கற்கள் எத்தனை நொறுங்கிச் சென்றனவோ, யார் எண்ணினார்? சாத்தனூரின் கல்மரத்தைப் போல வேலியிட்டுக் காக்கும் பேறு எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை.

மேட்டில் விலைமதிப்புள்ளது ஏதும் இல்லை. அதன் மதிப்பெல்லாம் அடுக்கில் இருக்கிறது. எந்த ஓடு எந்தச் சாம்பலுக்குக் கீழே கிடந்தது என்பதைக் கொண்டே காலத்தைச் சொல்ல முடியும். ஒருமுறை வாரிக் கொட்டிவிட்டால், பக்கங்களைக் கிழித்துக் கலைத்த ஏடு போன்றதுதான். மீண்டும் அடுக்க இயலாது. பெரிய அந்தமானியர் எழுதி வைத்தவர் அல்லர். இன்று அவர்கள் தொகை ஐம்பது அளவினது. போ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அம்மக்களின் பழங்கதையைச் சொல்ல எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இம்மேடுகளே. அவற்றின்மேல் நாம் மண்வெட்டியை வைக்கிறோம்.

பழங்குடியின் கதைக்கு மட்டுமே இந்நிலை நேர்ந்தது என்று எண்ணற்க. நாடே வணங்கும் செல்லுலார் சிறையைப் பாருங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அக்கட்டடத்திற்கு ஏழு சிறகுகள். இன்று நிற்பவை மூன்றே. விடுதலைக்குப் பின்னரும் அங்கே கடப்பாறை விழுந்தது. 1963-இல் அவ்வளாகத்திலேயே மருத்துவமனை அமைந்தது. அங்கு வாடிய பழைய அரசியல் கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் எஞ்சியது எஞ்சியது. 1979 பிப்ரவரியில் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அம்மருத்துவமனையை யாம் பழிக்கவில்லை. இம்மன்றத்தில் அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் அங்கே பிறந்தவர்கள். எம் மக்களும் அங்கேதான் பிறந்தனர். மருத்துவமனை வேண்டும்; சாலை வேண்டும்; துறைமுகமும் வேண்டும். தோண்டுமுன் ஒரு திங்கள் நின்று பார்த்தால் கெடுவது என்ன என்பதே எம் கேள்வி.

நின்று பார்த்த நாடுதான் இது. கிருட்டிணை ஆற்றில் நாகார்ச்சுன சாகர் அணை எழும்போது, நீரில் மூழ்கவிருந்த நாகார்ச்சுனகொண்டாவை 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, சின்னங்களில் பலவற்றைப் பெயர்த்துக் குன்றின்மேல் நிறுவினர். அணையும் நின்றது; பௌத்தரின் பழம்பதியும் பிழைத்தது. அதற்கு மாறாக, 1850-களில் இலாகூர்-முல்தான் இருப்புப்பாதைக்கு அரப்பாவின் செங்கற்களையே சல்லியாகப் போட்டனர். அச்செங்கல்லை எடுத்துக் கொடுத்த கைகள் கூலியாட்களின் கைகள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

இப்போது பெரிய நிக்கோபாரில் பெரும்பணி வந்திருக்கிறது. கலத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் என ஏறத்தாழ 166 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் திட்டம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. தோணியாமை முட்டையிடும் கரை அது என்பதைப் பலர் எழுதிவிட்டனர். அவ்விரிகுடாவின் பெயரே ஒரு தேடலின் நினைவு: 1845 முதல் 1847 வரை உலகைச் சுற்றிய டென்மார்க்குக் கப்பலின் பெயர் அது. அக்கப்பலில் வந்தோர் நிக்கோபார்ப் பாறைகளையும் ஆராய்ந்தனர். கண்ணுக்குப் புலனாகாத கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய பாறைகள் இத்தீவுகளில் உள்ளன. கடலடி மேலெழுந்து தீவான வரலாற்றை அவற்றில் படிக்கலாம். அவற்றுக்கு மேலே மனிதரின் பழமையும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இந்திரா முனைப் பகுதியில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையோர ஊர்களை இழந்து குடிபெயர்ந்த நிக்கோபாரிய மக்கள், முன்னோர் வாழ்ந்த அவ்வூர்களுக்கே திரும்ப விரும்புகின்றனர். அவர்தம் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில், தான் முன்பு கொடுத்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆளற்றுக் கிடப்பதாலேயே ஓர் ஊர் வெற்றிடம் ஆகிவிடாது. இலங்கையிலிருந்து பெயர்ந்து கச்சாலில் குடியேறிய நம் உறவினரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் உண்டு; 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டலாகாது. ஆனால் அறிவிக்கப்பட்ட சின்னத்திற்கே அந்த வேலி. காட்டில் எவரும் அறியாமல் கிடக்கும் மேட்டை யார் அறிவித்தார்? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டெடுத்தால் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. கிளிஞ்சலுக்குப் பத்து ரூபாய் யார் தருவார்!

ஆகவே, எவர் கையில் மண்வெட்டி இருக்கிறதோ அவரிடமே காவலும் இருக்கிறது. இத்தீவுகளில் அக்கை பெரும்பாலும் யாருடையது? ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, கொத்தனார், லாரி ஓட்டுநர் என்று நம் சங்க உறுப்பினர் பட்டியலைப் புரட்டினாலே விடை கிடைக்கும். கரையை விட்டு உள்ளே தோண்டும்போது கிளிஞ்சலோடு கரியும் எலும்பும் ஓடும் சேர்ந்து வந்தால், வேலையை அவ்விடத்தில் மட்டும் நிறுத்துங்கள். எதையும் எடுக்காமல் படம் பிடியுங்கள். எவ்வளவு ஆழம் என்று முழம் போட்டுக் குறியுங்கள். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நம் நகரிலேயே இந்திய மானிடவியல் ஆய்வுத் துறையின் மண்டல மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அங்கே சொல்லி அனுப்புங்கள். இந்தி தெரியாது, ஆங்கிலம் தெரியாது என்று தயங்குவோர் சங்கச் செயலாளரிடம் சொல்லலாம். மனு எழுதித் தர அவர் இசைந்திருக்கிறார்.

அன்று அந்த அடித்தளத்தில் யாம் பொறுக்கி வந்த பானை ஓடு ஒன்று இதோ மேசைமேல் இருக்கிறது. எந்த அடுக்கில் கிடந்தது என்று கேட்டால் எம்மால் விடை சொல்ல இயலாது. அடுத்த வாரம் இதை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க இருக்கிறோம். அதற்குமுன் காண விரும்பும் பிள்ளைகள், விழா முடிந்ததும் மேடைக்கு வந்து காணலாம்.