ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும்!

(திருவண்ணாமலையில் நடந்த தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் உழைப்பவர்களும் கழனியில் உழைப்பவர்களும் இன்று இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் போன்ற இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவிலே சிலர் லாபம் பார்த்த கதையைச் சொல்லப் போகிறோம். அது நொய்யல் ஆற்றின் கதை.

நம் சாத்தனூர் அணையை நினைத்துப் பாருங்கள். 1958-ல் கட்டி முடித்த அணை. மதகு திறந்தால் நமக்குச் சந்தோஷம். விவசாயிகளே திரண்டு போய், "ஐயா, திறக்காதீர்கள், அந்தத் தண்ணீர் வந்தால் பயிர் செத்துவிடும்" என்று மன்றாடினால் எப்படி இருக்கும்? ஒரத்துப்பாளையத்தில் அதுதான் நடந்தது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்கிறது நொய்யல். திருப்பூருக்குக் கீழே பாசனத்துக்கென்று 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. தேங்கியதோ பனியன் துணியின் சாயக் கழிவு. கிணறுகள் உப்பாயின. தென்னை பட்டுப்போயிற்று. நிலமுள்ளவனுக்கு விளைச்சல் போயிற்று. நிலமில்லாத கூலிக்காரனுக்கோ வேலையே போயிற்று. நஷ்ட ஈடு என்றால் பட்டாவைக் கேட்பார்கள். கூலிக்காரனிடம் பட்டா ஏது?

ஏன் இப்படி ஆயிற்று? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். போட்ட உப்பு துணியில் தங்குவதில்லை. அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும். கரைந்த உப்பு அடியில் படியுமா? படியாது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர், நிலத்துக்கு நஞ்சு!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. நுண்ணிய சவ்வுகளின் வழியே கழிவுநீரை அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் பிரியும். மிஞ்சுகிற உப்புநீரைக் காய்ச்சினால் உப்பு கிடைக்கும். தண்ணீரும் உப்பும் மறுபடி சாயப்பட்டறைக்கே உபயோகப்படும். ஆற்றுக்கு ஒரு சொட்டும் போக வேண்டாம். ஆனால் இதற்கு மின்சாரம் வேண்டும், கொதிகலன் வேண்டும், பணம் வேண்டும். தகராறு எல்லாம் அந்தப் பணத்தில்தான்!

ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் உத்தரவு பிறந்தது. பட்டறைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் அவர்கள் வாதம் எடுபடவில்லை. அப்பொழுதும் கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28-ல், எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது.

மூடியதும் பட்டினி கிடந்தது யார்? கழிவை ஆற்றில் விடச் சொன்னவனா? இல்லை. சாயத் தொட்டியில் கை வெந்த தொழிலாளி! பிழைக்க வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். "விவசாயிதான் உன் சோற்றில் மண்ணைப் போட்டான்" என்று அவர்கள் காதில் ஓதவும் ஆள் இருந்தது. விவசாயியா போட்டான்? செலவை மிச்சம் பிடிக்க நினைத்த லாப வெறி போட்டது!

பிறகு சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் சீராயின. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. நடக்கவே நடக்காது என்று சொன்ன காரியம் நடந்தது. ஜனங்கள் விடாப்பிடியாக நின்றதால் நடந்தது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் "பசுமைத் துணி" என்று சீட்டு ஒட்டி விற்கின்றன. அந்தப் பசுமைக்கு ஆகும் செலவை உருப்படி விலையில் சேர்த்துத் தருகிறார்களா என்பதுதான் கேள்வி. தராவிட்டால் முதலாளி எங்கே கை வைப்பான்? கூலியில்தான். கழிவுத் தொட்டியில் காப்பு இல்லாமல் ஆளை இறக்குவான். விஷவாயுவில் மூச்சுத் திணறிச் செத்த தொழிலாளிகள் உண்டு. ஆறு சுத்தமாகி, ஆள் செத்தால் அது சுத்தமான துணியா?

பங்களாதேஷைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா இடிந்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சுவரில் விரிசலைக் கண்ட பிறகும் அவர்களை வேலைக்கு ஏற்றினார்கள். அடுத்த மாதமே தொழிற்சங்கங்கள், துணி வாங்குகிற கம்பெனிகளைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தன. வாங்குகிறவனையும் பொறுப்பில் கட்ட முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

நம் ஆரணியில் பட்டு நெய்கிறோம். பட்டு நூலுக்கும் சாயம் வேண்டும். நாளை நம் ஜில்லாவுக்குப் பெரிய சாய ஆலை வந்தால், வேலை வருகிறது என்று வரவேற்போம். அன்றைக்கே நான்கு விஷயங்களைக் கேட்போம்:

சுத்திகரிப்புச் செலவைத் துணி வாங்குகிறவனும் முதலாளியும் ஏற்க வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது.

கழிவுத் தொட்டியில் மனிதனை இறக்கக் கூடாது, இயந்திரம் வேண்டும்.

ஆலையை மூடும்படி உத்தரவு வந்தால், மூடிய நாட்களுக்கும் கூலி வேண்டும்.

கழிவுநீரைச் சோதிக்கும்போது, தொழிலாளியும் கடைமடை விவசாயியும் கூட இருக்க வேண்டும்.

ஆற்றைக் காப்பாற்றினால் வேலை போகும், வேலையைக் காப்பாற்றினால் ஆறு போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டையும் காப்பாற்றப் பணம் இருக்கிறது. அது யார் பையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, இரு சாராரும் சேர்ந்து கேளுங்கள்.

தொழிலாளர் – விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!