அரை நூல் கணக்கு: முனை வெட்டுப்படாத பறக்கும் வாத்து

இந்த வாரம் கோடிங் கிடையாது, ஸ்டார்ட்அப் கதை கிடையாது. தையல். ஓடிடாதீங்க, இதுல ரூட் 2 வருது, ரவுண்டிங் எர்ரர் வருது, எங்க தெரு டெய்லர் அக்கா வர்றாங்க. நடுவுல லாரி ஹாரன் கேட்டா அது கோவிலம்பாக்கம் 200 அடி ரோடு, என் மைக் இல்ல.

க்வில்ட்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். துண்டுத் துணிகளை இணைச்சு ஒரு மேல்பக்கம், நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி, மூணையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. அந்த மேல்பக்கத்துக்கு நூத்துக்கணக்கான டிசைன் இருக்கு. அதுல ஒண்ணுதான் ஃப்ளையிங் கீஸ், பறக்கும் வாத்து. ஒரு செவ்வகம், அகலம் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு. நடுவுல இருக்குற பெரிய முக்கோணம் வாத்து. ரெண்டு ஓரத்துலயும் இருக்குற சின்ன முக்கோணம் வானம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கூட்டமா பறந்து போற மாதிரி தெரியும். (நமக்கு நிஜமாவே பறந்து வர்ற வாத்து வேணும்னா திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வர்ற வரித்தலை வாத்து இருக்கு. எங்க பள்ளிக்கரணையில ஃபிளமிங்கோதான் ஃபேமஸ்.)

சென்னையில இந்த வேலைக்குன்னே ஒரு கூட்டம் உண்டு. டீனா கட்வால் தொடங்கின 'தி ஸ்கொயர் இன்ச்' ஸ்டூடியோ இங்கதான். 2019 ஜனவரியில இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவல் நடந்ததும் இங்கதான். ஆனா நான் சொல்லப்போற அக்கா அந்த உலகத்துக்குப் பக்கத்துல கூட போனதில்ல. ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், ஃபால்ஸ் அடிக்கிறது, இதுதான் அவங்க வேலை. கருப்பு உஷா மெஷின், கால் மிதி.

அவங்க கிட்ட பக்கத்து அபார்ட்மென்ட்ல இருந்து ஒருத்தங்க வந்தாங்க. அவங்க அம்மா தவறிட்டாங்க. அம்மா கட்டின நாலு காட்டன் புடவை இருக்கு, அதை வச்சுப் பேரக்குழந்தைக்கு ஒரு போர்வை வேணும், இந்த டிசைன்லன்னு போன்ல படம் காட்டியிருக்காங்க. அக்கா முதல்ல கட்பீஸ் துணியில சாம்பிள் தச்சுப் பார்த்தாங்க. வாத்தோட மூக்கு ஒண்ணு விடாம வெட்டுப்பட்டிருந்தது. "தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, இந்தக் கணக்கு எங்க இடிக்குதுன்னு பாரு. இது அந்தம்மாவோட புடவை. தப்பா வெட்டினா எந்தக் கடையில போய் வாங்குவேன்?"னு கேட்டாங்க.

அக்கா கையில எந்தக் குறையும் இல்ல. இருபது வருஷத்துக்கு மேல தைக்கிறவங்க. ஆனா ஜாக்கெட்டோட லாஜிக் வேற. உள்ள துணி விட்டுத் தைப்போம், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம். கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் உள்ள விட்ட துணி மறைச்சிடும். தேர்ல தொங்குற தொம்பையிலயும் ஒரு துணி மேல இன்னொண்ணை வச்சுத் தைக்கிறதால சின்னப் பிசகு அடியில போயிடும். வாத்துல அப்படி ஒளிய இடமே கிடையாது. ஒரு தையல்ல விட்ட பிசகு அடுத்த துண்டோட தலையில போய் உக்காரும்.

கணக்கைப் பாருங்க. டெய்லர், தச்சர், பிளம்பர் எல்லாருக்கும் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். க்வில்ட்ல தையலுக்கு விடுற துணி கால் இன்ச், அதாவது ரெண்டு நூல். தச்சு முடிச்ச பிறகு 4க்கு 2 இன்ச் வர வேண்டிய வாத்து, தைக்கிறதுக்கு முன்னாடி 4½க்கு 2½ இருக்கணும். 24 வாத்தை அடுக்கினா 48 இன்ச் வரிசை. இப்போ ஒவ்வொரு தையலும் வெறும் அரை நூல் உள்ள தள்ளிப் போகுதுன்னு வைங்க. மேல அரை, கீழ அரை, ஒரு வாத்துக்கு ஒரு நூல் போச்சு. 24 வாத்துக்கு 24 நூல். 48 வர வேண்டியது 45ல நிக்கும். கூடவே எல்லா மூக்கும் அரை நூல் வெட்டுப்படும், ஏன்னா மூக்கு இருக்குறது விளிம்புல இருந்து சரியா ரெண்டு நூல் கீழ.

அதனால முதல் வேலை மெஷின்ல. எந்த ஃபுட்டையும் நம்பாதீங்க. ஸ்கூல் பசங்களோட மில்லிமீட்டர் கிராஃப் ஷீட்டை ஊசிக்கு அடியில வச்சு, ஒரு கோட்டுல ஊசியை இறக்குங்க. அங்கிருந்து வலது பக்கம் 6 மில்லிமீட்டர் எண்ணி, அந்த இடத்துல பிளேட் மேல இன்சுலேஷன் டேப்பை நாலஞ்சு அடுக்கு ஒட்டுங்க. துணி விளிம்பு அதை உரசிக்கிட்டே போகணும். கால் இன்ச்னா 6.35 தானேன்னு கேப்பீங்க. தையலை மடிச்சு அயர்ன் பண்ணும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்னுடும், அதுக்குத்தான் இந்தக் குறைச்சல். டெஸ்ட் கேஸ் இது: 1½ இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டித் தைங்க, அயர்ன் பண்ணுங்க, நடுப்பட்டையை அளங்க. சரியா 1 இன்ச் இருக்கணும். இல்லன்னா டேப்பை நகர்த்துங்க. இது பாஸ் ஆகாம புடவையில கத்தரி வைக்கக் கூடாது.

அடுத்தது எப்படி வெட்டுறதுங்கிறது. யூடியூப்ல ஈஸின்னு காட்டுறது, ஒரு செவ்வகத்தோட மூலையில ரெண்டு சதுரத்தை வச்சுக் குறுக்கே தச்சு, மிச்சத்தை வெட்டிப் போடுறது. நம்ம சைஸுக்கு ஒரு வாத்துக்கு 23.75 சதுர இன்ச் துணி போகும். நாலு வாத்தை ஒண்ணா தைக்கிற முறையில 15.16 தான். 36க்கு 48 போர்வைக்கு 216 வாத்து. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் புடவை. கடைத்துணின்னா கவலை இல்ல. இங்க அந்த ஒரு மீட்டர் குப்பைக்குப் போகணுமாங்கிறதுதான் கேள்வி.

நாலு வாத்து முறை இதுதான். ஒரு பெரிய சதுரம், வாத்துக்கு. நாலு சின்ன சதுரம், வானத்துக்கு. பெரியதோட எதிரெதிர் மூலையில ரெண்டு சின்னதைக் கவுத்து வைங்க, நடுவுல லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். மூலைக்கு மூலை ஒரு கோடு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தையல், அப்புறம் கோட்டு மேலயே வெட்டு. விரிச்சா காது வச்ச பூனை மாதிரி ரெண்டு துண்டு வரும். ஒவ்வொண்ணுலயும் மிச்சமிருக்கிற மூலையில இன்னொரு சின்ன சதுரத்தை வச்சு அதே கோடு, அதே தையல், அதே வெட்டு. நாலு வாத்து ரெடி.

சைஸ்? புத்தகக் கணக்கு: பெரிய சதுரம் வாத்தோட அகலத்தை விட 1¼ அதிகம், அதாவது 5¼. சின்னது உயரத்தை விட ஏழு நூல் அதிகம், 2⅞. ஏன் ஏழு நூல்? முக்கோணத்தோட முனை 45 டிகிரி கூர்மையா இருக்குறதால, சுத்தியும் கால் இன்ச் விட்டா முனைப்பக்கம் அதுக்கு மேல நீளும். அங்கதான் ரூட் 2 வருது. நிஜ விடை 0.854. டேப்புல அப்படி ஒரு கோடு இல்ல, அதனால 0.875னு ரவுண்ட் அப் பண்ணியிருக்காங்க. பெரியதும் அதே கதை, 1.207ஐ 1.25 ஆக்கியிருக்காங்க. ஆக இந்த ஃபார்முலாவுல தப்புக்கு விட்டிருக்கிற இடம் சின்னதுல அரை மில்லிமீட்டர். டெய்லர் சாக்கோட கோடே அதை விடத் தடிமன்!

அதனால 5½, 3னு கொஞ்சம் பெருசா வெட்டி, தச்ச பிறகு சீவிடலாம்னு நான் சொன்னேன். அக்காவுக்கு மனசே வரல, துணி வீணாகுமேன்னு. கணக்குப் போட்டுக் காட்டினேன்: 216 வாத்துக்கும் சேர்த்துக் கூடுதலா போறது புடவையில ஒரு ஜாணுக்கும் கம்மி. ஜாக்கெட்ல உள்ள விடுற துணி மாதிரிதான், ஆனா உள்ளயே விட்டு வைக்காம, அடுத்த துண்டோட சேர்க்கிறதுக்கு முன்னாடியே வெட்டிடணும். ஒத்துக்கிட்டாங்க.

சீவுறதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சட்டை டப்பாவோட கண்ணாடி பிளாஸ்டிக்கை 4½க்கு 2½ வெட்டி, மேல் விளிம்புல இருந்து ரெண்டு நூல் கீழ, நடு சென்டர்ல ஒரு புள்ளி. அங்கிருந்து கீழ ரெண்டு பக்கமும் ஜாமெட்ரி பாக்ஸ் செட் ஸ்கொயரால 45 டிகிரி கோடு. புள்ளியை மூக்குல வை, கோட்டைத் தையல்ல வை, சுத்தி வெட்டு. விளிம்பைப் பார்த்து வெட்டினா தப்பு தொடரும். மூக்கைப் பார்த்து வெட்டினா அந்தத் துண்டோட தப்பு அங்கயே முடியும்.

பழைய புடவைத் துணி மெலிசு, கிராஸா இழுத்தா நீளும். வெட்டுறதுக்கு முன்னாடி கஞ்சி போட்டு மொடமொடன்னு அயர்ன் பண்ணிடுங்க. தச்ச பிறகு அயர்னை இழுத்துத் தேய்க்காதீங்க, ஒத்தடம் கொடுக்குற மாதிரி வச்சு எடுங்க.

வரிசையா சேர்க்கும்போது, வாத்தோட மூக்குப் பக்கம் உங்களைப் பார்த்து மேல இருக்கட்டும், துணியோட உள்பக்கம். மூக்குல ரெண்டு தையலும் குறுக்கே போற இடம் ஒரு பெருக்கல் குறி மாதிரி தெரியும். ஊசி அந்தக் குறியைத் தொட்டு, விளிம்புப் பக்கமா ஒரு இழை தள்ளிப் போகணும். அங்க மட்டும் மிதியை மெதுவாக்குங்க. அக்கா நேத்து வரைக்கும் மூணு வரிசை முடிச்சிருக்காங்க. மூணும் 48, நான் டேப் வச்சுப் பார்த்தேன். இன்னும் ஆறு வரிசை இருக்கு, பார்டருக்கு எந்தப் புடவைன்னு அந்தம்மா இன்னும் சொல்லல.