பங்காளிக் காய்ச்சலும் பந்தயப் பாதரட்சையும்

ஜெர்மனி தேசத்தின் பவேரியா மாகாணத்தில், உச்சரிக்க நாக்கைச் சற்றே பழக்க வேண்டிய ஹெர்ட்சோகெனாவ்ராக் என்ற ஊரில், சலவைத் தொழில் நடத்தி வந்த தாயாரின் துணி வெளுக்கும் அறையிலே, முதல் உலக மகாயுத்தம் முடிந்த பின்னர், அடால்ஃப் டாஸ்லர் என்ற இளைஞர் விளையாட்டு வீரர்களுக்கென்று காலணி தைக்கத் தொடங்கினார். தம்பியான அவர் கைவேலையில் நிபுணர். வியாபாரப் பேச்சோ அண்ணன் ருடால்ஃபுக்கு வாய்த்திருந்தது. 1924-இல் இருவரும் கூட்டாக ஸ்தாபித்த தொழிற்சாலையின் ஆணிக் காலணிகளை அணிந்து, 1936-ஆம் வருஷத்து பெர்லின் ஒலிம்பிக்கில் கறுப்பின அமெரிக்கரான ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடினார். அந்தச் சகோதரர்களோ, மூன்று வருஷங்களுக்கு முன்பே நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தவர்கள்.

இரண்டாம் யுத்தம் முடிந்து அமெரிக்கர் தம்மைச் சிறைவைத்தபோது, காட்டிக்கொடுத்தவர் தம்பியே என்று ருடால்ஃப் சந்தேகித்தார். 1948-இல் பாகம் பிரிந்தது. ஆவ்ராக் ஆற்றின் ஒரு கரையில் தம்பியின் அடிடாஸ், மறுகரையில் அண்ணனின் பூமா. எதிரே வருபவரோடு பேசுமுன் அவர் காலைக் குனிந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டபடியால், குனிந்த கழுத்துக்களின் ஊர் என்றே அவ்வூருக்குப் பரிகாசப் பெயர் வந்தது.

1954-இல் பெர்ன் நகரத்து மழையிலே, திருகி மாட்டும் குமிழ்கள் பொருத்திய அடிடாஸ் காலணிகளோடு ஜெர்மானியர் ஹங்கேரியை 3-2 என்று வென்று கால்பந்து உலகக் கோப்பையைப் பெற்றபோது, தம்பியின் புகழ் ஓங்கியது. அத்தகைய காலணியை முதலில் செய்தவர்கள் நாங்களே என்று பூமா தரப்பார் வாதிட்டார்கள். இந்த மட்டில் போட்டி தொழிலுக்கு அனுகூலமே. ஆனால் 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கிலே அர்மின் ஹாரி என்னும் ஜெர்மானியர் பூமாவில் ஓடி ஜெயித்து, அடிடாஸ் அணிந்து பதக்கமேடை ஏறிய வேடிக்கையைப் பார்க்கும்போது, காலணியைக் காட்டிலும் அதை அணியும் காலுக்கே விலை ஏறிவிட்டதென்பது தெளிவாகிறது.

அடுத்த தலைமுறையில், அண்ணன் மகன் அர்மினும் தம்பி மகன் ஹோர்ஸ்டும், பிரேசில் கால்பந்து வீரர் பெலேயை மாத்திரம் விலைபேசுவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டார்களாம். 1970-ஆம் வருஷத்து உலகக் கோப்பையில், ஆட்டம் தொடங்கவிருந்த தருணத்தில் நடுவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெலே நிதானமாகக் குனிந்து தம் காலணிக் கயிற்றைக் கட்டினார். தொலைக்காட்சியில் உலகமே கண்ட அந்தக் காலணி பூமா.

இவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்திருந்த அதே காலத்தில், அமெரிக்காவின் ஆரகன் மாகாணத்திலே தோன்றிய நைக்கி, அங்கே பெருகிவந்த ஓட்டக்காரர் கூட்டத்தைத் தன்வசப்படுத்திக்கொண்டது. 1989-இல் அண்ணன் வாரிசுகளும், 1990-இல் தம்பியின் புதல்விகளும், தத்தம் ஸ்தாபனத்தின் பெரும்பங்கை அந்நியருக்கு விற்றார்கள்.