பூதம் எங்கே நிற்கிறது?

இலக்கியக் கூட்டத்தில் ஒரு பகடை விளையாட்டைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். ஆனாலும் இது கதைசொல்லல் பற்றிய பேச்சுத்தான்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு மேசை, நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் பாத்திரங்களாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது சரிவருமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். இங்கே ரொறன்ரோவில், புளோர் வீதியில் 2010இல் தொடங்கிய ஸ்னேக்ஸ் அன்ட் லாட்டேஸ் போன்ற கடைகளில் இளையவர்கள் இரவுவரை மேசை விளையாட்டுகளோடு இருப்பதைக் காணலாம்.

இதில் நடத்துபவருக்குச் சிரமமான கட்டம், மறைந்திருக்கும் பூதம். பாழடைந்த வீட்டுக்குள் நாலு பேர் நுழைகிறார்கள். உள்ளே ஏதோ இருக்கிறது. "ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுத் திடீரென்று பூதத்தைப் பாயவிடலாம். அது திடுக்கிடல், ஒரு நிமிடத்தில் சிரிப்பாகிவிடும். பயம் வளர்வதற்குத் தடயம் வேண்டும்.

நம் கதைகளுக்கு இது தெரியும். முனியை முழுதாகப் பார்த்தவர் ஊரில் யாருமில்லை. சுருட்டு மணம் வரும், குரைத்துக்கொண்டிருந்த நாய் அடங்கிவிடும். யோபு புத்தகத்தில் லிவியாதான் யோபுவின் முன் வந்து நிற்பதில்லை. செதில்களின் நெருக்கம், தும்மலில் தெறிக்கும் ஒளி, நாசியிலிருந்து எழும் புகை என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லப்படுகிறது. புதுமைப்பித்தனின் காஞ்சனையோ வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறாள். அவள் யார் என்பதுதான் மறைந்திருக்கிறது.

விளையாட்டின் விதிகளும் இதற்கு உதவுகின்றன. "கவனிக்கிறீர்களா என்று பகடை உருட்டுங்கள்" என்று சொன்னாலே போதும், எண் குறைவாக விழுந்தாலும் ஏதோ இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பகடையில்லாத ஒரு கவனிப்பு எண் உண்டு: பத்தோடு அவருடைய திறமையைக் கூட்டினால் வருவது. அந்த எண்களை நான் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வேன். ஒருவருக்கு ஈர மண் வாசனையைச் சொல்வேன். இன்னொருவருக்குக் காற்றில்லாத அறையில் விளக்குச் சுடர் சாய்வதைச் சொல்வேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது பயம் தானாக வந்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பூதம் எங்கே நிற்கிறது, எப்போது நகரும், எதற்கு அஞ்சும் என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். வார்டில் இரவு வேலை செய்யும் எங்களுக்கு இது பழக்கம். நோய் தன் பெயரைச் சொல்லாது. ஆனால் நாடியும் மூச்சும் காய்ச்சலும் ஏதோ ஒன்றைச் சுட்டுகின்றன. தடயங்களுக்குப் பின்னால் உண்மையில் ஒன்று இருந்தால்தான் அவற்றை வாசிக்க முடியும். வாசித்தவருக்குத் தப்பவும் வழி இருக்க வேண்டும். போகிற போக்கில் பூதத்தை இடம் மாற்றுவது ஏமாற்று.

எங்கள் மேசையில் பங்கருக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டையை நடுவில் வைப்போம். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். தொடங்குமுன் ஒரு தங்கை சொன்னாள்: "அக்கா, என்னவும் வரட்டும். மேலேயிருந்து வாற சத்தம் மட்டும் வேண்டாம்." பூதத்தைக் கூரையிலிருந்து நிலத்துக்கு அடியில் இறக்கினேன், தாளையும் புதிதாக எழுதினேன். பயம் குறையவில்லை. ஆனால் அது அவள் சம்மதித்த பயம்.

அன்றைக்குச் சுடர் சாய்ந்த திசையை வைத்துக் கதவை அடைத்து, மற்றவர்களை வெளியே கொண்டுவந்தவளும் அவள்தான். பூதத்தை யாரும் கடைசிவரை பார்க்கவில்லை. முடிந்தபின் அவள் கேட்டாள்: "அது முதலிலிருந்தே அங்கேதான் நின்றதா?"

நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.